வடிகட்டியைப் பொறுத்து மாறும் கணக்கை ஒருமுறை எழுதி எல்லா இடத்திலும் பயன்படுத்த முடியுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் வைத்துக்கொள்கிறேன். பல கிளைகள் கொண்ட சில்லறை விற்பனை நிறுவனம் ஒன்றுக்குப் பவர் பிஐ என்ற தரவு அறிக்கை மென்பொருளில் அறிக்கை செய்கிறீர்கள். அங்கே நிகர விற்பனை என்றால் ரத்தான பில்கள் சேரக்கூடாது, கிளைக்குக் கிளை அனுப்பிய சரக்கு சேரக்கூடாது, திரும்பி வந்த சரக்கின் மதிப்பு கழிய வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளும் ஏறத்தாழ நாற்பது மெஷர்களில் (அறிக்கையில் கேட்கும்போது கணக்கிடப்படும், பெயரிட்ட சூத்திரங்களில்) திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கின்றன. ஒருமுறை கணக்கிட்டு வைத்துவிட்டு எடுத்தாளலாம் என்று எண்ணி, மொத்த விற்பனையில் ஒவ்வொரு கிளையின் பங்கையும் கணக்கிட்ட நெடுவரிசையாகப் போட்டீர்கள். ஸ்லைசரில், அதாவது பயனர் தேர்வு செய்யும் வடிகட்டிப் பெட்டியில், மாதத்தை மாற்றினாலும் எண் அசையவில்லை. பிறகு மெஷருக்குள்ளேயே தொகையை ஒரு மாறியில் சேமித்து, அந்த மாறியை, வடிகட்டிகளை மாற்றிக் கணக்கிடும் செயல்பாடான கால்குலேட்டுக்குள் கொடுத்துப் பார்த்தீர்கள். எல்லாக் கிளைகளுக்கும் 100% என்று வந்தது. எங்கே தவறு, எதை எங்கே எழுதினால் மற்ற இடங்களில் பெயரைச் சொல்லி அழைக்கலாம் என்பது உங்கள் கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரே விதியை நாற்பது இடங்களில் எழுதாமல் இருப்பது எப்படி என்பது ஒன்று. ஒரே கணக்கைக் கணினி நாற்பது முறை போடாமல் தடுப்பது எப்படி என்பது இன்னொன்று. முதலாவதற்கு உறுதியான பதில் உண்டு. இரண்டாவது பெரும்பாலும் உங்கள் மாடலை, அதாவது அட்டவணைகளும் அவற்றின் உறவுகளும் சூத்திரங்களும் சேர்ந்த அமைப்பைப் பொறுத்தது; அதைப் பார்க்காமல் நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். இரண்டையும் கலந்துகொண்டதால்தான் நீங்கள் நெடுவரிசைப் பக்கம் போனீர்கள் என்று நினைக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் இதே இரண்டு இடங்களில்தான் முட்டிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

கடையில் தராசை வைத்துக்கொள்ளலாம். நேற்று நிறுத்த எடையை இன்றைய சரக்குக்கு எழுதிக்கொள்ள முடியாது. வடிகட்டியைப் பொறுத்து மாறும் கணக்கும் அப்படிப்பட்டதுதான். சேமித்து வைக்கக்கூடியது கணக்கிடும் முறை. விடையைச் சேமித்த கணமே அது எந்த வடிகட்டிக்குக் கிடைத்ததோ அந்த வடிகட்டிக்கு மட்டும் உரியதாகிவிடுகிறது. எனவே பவர் பிஐயின் சூத்திர மொழியான டாக்ஸில் எதை எழுதினாலும், இது எந்த நேரத்தில், எந்தச் சூழலில் கணக்கிடப்படுகிறது என்று கேட்டுப் பழகுங்கள். கணக்கிட்ட நெடுவரிசை, தரவைப் புதுப்பிக்கும்போது வரிசை வரிசையாகக் கணக்கிடப்பட்டு மாடலில் எழுதி வைக்கப்படுகிறது. அந்த நேரத்தில் உங்கள் ஸ்லைசர் எங்கும் இல்லை. அறிக்கையை யாரும் திறக்கவே இல்லை. அதனால் அது ஸ்லைசருக்கு ஒருபோதும் செவிசாய்க்காது. கணக்கிட்ட அட்டவணைக்கும் இதே கதைதான். பயனருக்கு ஏற்ப வரிசைகளை மறைக்கும் பாதுகாப்பு விதி வைத்திருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். அந்த விதி அறிக்கையைத் திறக்கும்போதுதான் செயல்படும். நெடுவரிசையோ அதற்கு முன்பே எல்லாக் கிளைகளின் தரவையும் சேர்த்துக் கணக்கிட்டு முடித்திருக்கும். ஒரு கிளை மேலாளர் தம் கிளையை மட்டும் பார்க்க வேண்டிய இடத்தில், மற்றக் கிளைகளையும் சேர்த்த மொத்தத்தால் வகுத்து வந்த பங்கு அவர் கண்ணில் படும்.

மாறியின் கதை வேறு. பெயர்தான் மாறி, டாக்ஸில் அது மாறாது. அதை எழுதிய இடத்தில் எந்த வடிகட்டல் சூழல் (அப்போது செயல்படும் வடிகட்டிகளின் தொகுப்பு) இருந்ததோ, அந்தச் சூழலில் ஒரே ஒருமுறை மதிப்பிடப்பட்டு அப்படியே நின்றுவிடும். நீங்கள் செய்தது இதுதான்: மதுரைக் கிளையின் வரிசையில் நின்றுகொண்டு தொகையை மாறியில் வைத்தீர்கள், பிறகு கால்குலேட்டுக்குள் அந்த மாறியைக் கொடுத்து, கிளை வடிகட்டியை நீக்கச் சொன்னீர்கள். கால்குலேட் வடிகட்டியை ஒழுங்காக நீக்கியது. ஆனால் அதற்குள் மறுபடி கணக்கிட எதுவும் இல்லை. ஏற்கெனவே வந்த ஓர் எண்தான் இருந்தது. 40 லட்சத்தை 40 லட்சத்தால் வகுத்தால் 100% தானே வரும்? மாறிக்குப் பதிலாக மெஷரின் பெயரைக் கொடுத்திருந்தால், கிளை வடிகட்டி இல்லாத சூழலில் அது புதிதாகக் கணக்கிடப்பட்டு, எல்லாக் கிளைகளின் மொத்தமும் வகுக்கும் எண்ணாக வந்திருக்கும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு அடிப்படையான பதில்: மெஷர்தான் மறுபயன்பாட்டுக்கு உரிய அலகு. நிகர விற்பனை என்று ஒரே ஒரு மெஷர் எழுதுங்கள். கிளைப் பங்கு, சென்ற ஆண்டு விற்பனை, வளர்ச்சி விகிதம், ஒரு பில்லுக்குச் சராசரி என்று மற்ற எல்லாமே அந்தப் பெயரை அழைக்கட்டும். மூன்று நிபந்தனைகளை வேறு எந்த மெஷரிலும் எழுத வேண்டாம். நாளைக்கு நிறுவனம் மாதிரிச் சரக்கையும் விற்பனையில் சேர்க்கக்கூடாது என்று முடிவு செய்தால் ஓர் இடத்தில் திருத்தினால் போதும். நான் பணிபுரிந்த ஓர் இடத்தில் இப்படியொரு விதி மாறியபோது, அதே நிபந்தனை எழுதியிருந்த மெஷர்களில் மூன்றைத் திருத்த விட்டுவிட்டோம். இரண்டு மாதங்கள் கழித்து, கூட்டத்தில் இரண்டு பக்கங்களின் மொத்தம் ஒத்துப்போகாதபோதுதான் தெரிந்தது. எண் தவறாக இருந்ததைவிட, அதன்பிறகு அந்த அறிக்கையின் எந்த எண்ணையும் யாரும் நம்பாமல் போனதுதான் பெரிய இழப்பு.

ஆனால் அந்த அடிப்படை மெஷருக்குள் மூன்று நிபந்தனைகளையும் கால்குலேட் வடிகட்டிகளாக அடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இங்கே நெடுவரிசைக்கு நியாயமான இடம் உண்டு. ஒரு பில் ரத்தானதா, ஒரு வரிசை கிளை மாற்றமா, திரும்பி வந்த சரக்கா என்பவை எந்த ஸ்லைசரைத் தொட்டாலும் மாறாத உண்மைகள். அந்த வரிசையிலேயே பிறந்து அங்கேயே முடிபவை. அவற்றைத் தரவுத்தளத்திலோ, தரவை ஏற்றும்போது சீர்செய்யும் பவர் குவெரியிலோ தீர்த்துவிடுங்கள். நிகரத் தொகை என்று ஒரு நெடுவரிசை: விற்பனைக்குக் கூட்டல் மதிப்பு, திரும்பியதற்குக் கழித்தல் மதிப்பு, ரத்தானதற்கும் கிளை மாற்றத்துக்கும் சுழியம். அதன்பிறகு அடிப்படை மெஷர் அந்த நெடுவரிசையின் கூட்டுத்தொகை மட்டுமே. நிபந்தனைகள் சூத்திரத்திலிருந்து தரவுக்கு நகர்ந்துவிட்டன. நாற்பது இடங்களில் இருந்த குழப்பம் ஒரு நெடுவரிசையில் அடங்கிவிட்டது. சூத்திரம் எழுதுவதில் கைதேர்ந்தவர்கள்கூட இந்த எளிய படியைத் தாண்டிப்போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வருத்தமாக இருக்கும்.

நெடுவரிசைக்குள் போகக்கூடியது எது, கூடாதது எது என்று பிரித்தறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது: வரிசை வரிசையாகப் போட்டுவிட்டுப் பிறகு கூட்டினால் சரியான விடை வருகிறதா என்று பாருங்கள். தொகை தேறிவிடும்; விகிதம் தேறாது. மதுரைக் கிளையில் 40 லட்சம் விற்று 8 லட்சம் லாபம் என்றால் 20%. திருச்சியில் 10 லட்சம் விற்று 4 லட்சம் லாபம் என்றால் 40%. இரண்டு விழுக்காடுகளையும் நெடுவரிசையில் எழுதிவைத்து மொத்த வரியில் சராசரி எடுத்தால் 30% என்று காட்டும். உண்மையில் 50 லட்சத்துக்கு 12 லட்சம், அதாவது 24%. இந்த 30% என்ற எண்ணைப் பார்த்துத் தள்ளுபடியை முடிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். விகிதம், சராசரி, தரவரிசை, தனித்த வாடிக்கையாளர் எண்ணிக்கை ஆகியவற்றை எப்போதும் மெஷராகவே வைத்திருங்கள்; பகுதியையும் தொகுதியையும் தனித்தனி மெஷராக எழுதி, கடைசியில் டிவைட் செயல்பாட்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.

மெஷரை மெஷருக்குள் அழைக்கத் தொடங்கியதும் இரண்டு பொறிகள் காத்திருக்கின்றன. இவற்றைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனெனில் இவை பிழைச் செய்தி எதுவும் தராமல் தவறான எண்ணைத் தருபவை. முதலாவது, மெஷரின் பெயர் அதன் சூத்திரத்தின் சுருக்கெழுத்து என்று எண்ணிவிடுவது. ஒவ்வொரு மெஷர் பெயரைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கால்குலேட் இருக்கிறது. வரிசை வரிசையாகச் சுற்றும் செயல்பாட்டுக்குள், எடுத்துக்காட்டாகக் கிளை அட்டவணையைச் சுற்றிச் சராசரி எடுக்கும் ஆவரேஜ்எக்ஸுக்குள், மெஷர் பெயரைக் கொடுத்தால், நடப்பு வரிசை வடிகட்டியாக மாறி அந்தக் கிளையின் தொகை வரும். அதே இடத்தில் பெயரை அழித்துவிட்டுக் கூட்டுத்தொகைச் சூத்திரத்தை ஒட்டினால் அந்த மாற்றம் நடக்காது. ஒவ்வொரு கிளைக்கும் முழு மொத்தமே வரும், சராசரியும் அந்த மொத்தமாகவே நிற்கும். எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. விற்பனை அட்டவணையையே, வரிசை வரிசையாகக் கூட்டும் சம்எக்ஸால் சுற்றி அதற்குள் மெஷரை அழைத்தால், அந்த அட்டவணையில் எல்லா நெடுவரிசைகளிலும் ஒரே மதிப்புள்ள இரண்டு வரிசைகள் இருக்கும்போது கணக்கு இரட்டிக்கும். தலா 500 ரூபாய் கொண்ட இரண்டு ஒத்த வரிசைகள் என்றால், ஒவ்வொன்றும் வடிகட்டியாக மாறும்போது இரண்டையும் சேர்த்துப் பிடித்து 1,000 தரும், மொத்தம் 2,000. உண்மையான தொகை 1,000 தான். கிளை, வாடிக்கையாளர், பொருள் போன்ற தனித்த திறவுகோல் உள்ள அட்டவணைகளைச் சுற்றும்போது மட்டும் மெஷரை அழையுங்கள். பெரிய விற்பனை அட்டவணையைச் சுற்றும்போது நேரடி நெடுவரிசைகளைப் பயன்படுத்துங்கள். வேகத்துக்கும் அதுவே நல்லது.

இரண்டாவது பொறி, உள்ளே இருக்கும் வடிகட்டி வெளியே இருப்பதை வென்றுவிடுவது. கால்குலேட்டில் ‘வகை என்பது சில்லறை’ என்று எளிமையாக ஒரு நிபந்தனை எழுதினால், வகை என்ற நெடுவரிசையின் மேல் ஏற்கெனவே இருந்த வடிகட்டியை அது மாற்றிப்போடும். சில்லறை விற்பனை என்று இப்படி ஒரு மெஷர் எழுதிவிட்டு, அதை இன்னொரு கால்குலேட்டுக்குள் ‘வகை என்பது மொத்த வியாபாரம்’ என்ற நிபந்தனையோடு அழைத்தால், மொத்த வியாபாரம் என்ற பெயருக்குக் கீழே சில்லறை விற்பனையின் எண்ணே வரும். பயனர் ஸ்லைசரில் வேறு வகையைத் தேர்ந்தெடுத்தாலும் அதே எண்தான். சில இடங்களில் இது வேண்டியதே. பங்கு கணக்கிடும்போது வகுக்கும் எண் அசையாமல் நிற்க வேண்டும். ஆனால் பயனரின் தேர்வும் நம் நிபந்தனையும் சேர்ந்து செயல்பட வேண்டும் என்றால் அந்த நிபந்தனையை, ஏற்கெனவே உள்ள வடிகட்டியைத் தக்கவைக்கும் கீப்ஃபில்டர்ஸுக்குள் வையுங்கள். அப்போது இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் வெற்றிடம் வரும், அது நேர்மையான விடை. பலரும் அழைக்கப்போகும் அடிப்படை மெஷர் என்றால் கீப்ஃபில்டர்ஸ் போடுவதையே நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். இது என் தேர்வு. நிபந்தனையை நெடுவரிசைக்கு நகர்த்திவிட்டால் இந்தக் கேள்வியே எழாது என்பதையும் கவனியுங்கள்.

மாறியை அப்படியானால் எங்கே பயன்படுத்துவது? ஒரே மெஷருக்குள், ஒரே சூழலில், ஒரே மதிப்பு இரண்டு முறை தேவைப்படும்போது. வளர்ச்சி விகிதத்தில் சென்ற ஆண்டுத் தொகை கழிப்பதற்கும் வகுப்பதற்குமாக இரண்டு முறை வரும். அதை மாறியில் வையுங்கள். படிக்கவும் எளிது, ஒருமுறைதான் கணக்கிடப்படும். மாறிக்குள் ஓர் எண்ணை மட்டும்தான் வைக்கலாம் என்பதும் இல்லை. வரிசைகளின் தொகுப்பையும் வைக்கலாம். அந்தத் தொகுப்பைக் கால்குலேட்டின் வடிகட்டியாகக் கொடுக்கலாம். அதாவது முதல் பத்து வாடிக்கையாளர்கள் யார் என்று ஒருமுறை கண்டுபிடித்து, அந்தப் பத்துப் பேரின் விற்பனை, லாபம், பில் எண்ணிக்கை மூன்றையும் அதே மெஷருக்குள் எடுக்கலாம். ஆனால் அந்தத் தொகுப்பை வேறொரு மெஷருக்கு அனுப்ப முடியாது. மெஷர் ஒற்றை மதிப்பை மட்டுமே திருப்பித் தரும். மாறிகள் 2015-இல் தான் டாக்ஸுக்கு வந்தன. எக்ஸல் 2010-க்கான பவர்பிவட் என்ற துணைக் கருவியோடு டாக்ஸ் பிறந்த காலத்தில் எழுதிய எடுத்துக்காட்டுகள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. அவற்றில் ஒரே சூத்திரம் நான்கு முறை எழுதப்பட்டிருந்தால் அது அந்தக் காலத்துக் கட்டாயம், நீங்கள் பின்பற்ற வேண்டியதில்லை.

இனி, உங்கள் நாற்பது மெஷர்களில் பாதிக்கு மேல் காலம் சார்ந்தவை என்று பட்டியலைப் பார்த்ததும் தெரிந்தது: நிகர விற்பனை சென்ற ஆண்டு, லாபம் சென்ற ஆண்டு, பில் எண்ணிக்கை சென்ற ஆண்டு, பிறகு அதே மூன்றுக்கும் ஆண்டுத் தொடக்கம் முதல் இன்றுவரை, இப்படி. இங்கே மீண்டும் மீண்டும் வருவது மெஷரன்று, அதன்மேல் போர்த்தும் வடிகட்டி மாற்றம். இதற்கென்றே கணக்கீட்டுக் குழுக்கள் இருக்கின்றன. மைக்ரோசாஃப்டின் தரவுத்தளமான எஸ்கியூஎல் சர்வரின் பகுப்பாய்வுச் சேவையில் 2019 பதிப்போடு வந்தவை இவை. பவர் பிஐயில் 2020 முதல் டேபுலர் எடிட்டர் போன்ற வெளிக் கருவி மூலம் செய்துவந்தோம். 2023 அக்டோபரிலிருந்து பவர் பிஐ டெஸ்க்டாப் செயலியிலேயே எழுத முடிகிறது. குழுவுக்குள் செலக்டட்மெஷர் என்ற சொல், அப்போது எந்த மெஷர் அறிக்கையில் இருக்கிறதோ அதைக் குறிக்கும். ‘சென்ற ஆண்டு’ என்று ஓர் உருப்படி எழுதினால் அது பத்து மெஷர்களுக்கும் பொருந்தும். பத்து மெஷர்களும் ஐந்து காலப் பார்வைகளும் என்றால் ஐம்பது சூத்திரங்களுக்குப் பதில் பதினைந்தோடு வேலை முடிந்தது. நம் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. ஆண்டுத் தொடக்கம் முதலான நாட்களைத் தரும் டேட்ஸ்ஒய்டிடிக்கு ஆண்டு முடியும் நாளைச் சொல்லாவிட்டால் அது டிசம்பர் 31 என்றே எடுத்துக்கொள்ளும். ஐம்பது சூத்திரங்களில் ஒன்றில் மட்டும் அதைச் சொல்ல மறந்துபோகும் வாய்ப்பு எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். குழுவில் அது ஓர் இடத்தில்தான் இருக்கும்.

குழுவைப் போடும் முன் இரண்டு விஷயங்களை அறிந்துகொள்ளுங்கள். அது மெஷர்களின் மேல் மட்டுமே செயல்படும்; நெடுவரிசையை நேராக இழுத்துப் போட்டுக் கூட்டுத்தொகை எடுக்கும் வழக்கம் உங்கள் பயனர்களுக்கு இருந்தால், குழு சேர்ந்ததும் மாடல் அதை அனுமதிக்காது. அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடுத்தது, வளர்ச்சி விகிதம் போன்ற உருப்படிக்கு எண்ணின் தோற்ற வடிவத்தையும் உருப்படியோடு சேர்த்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் 12% என்பது ரூபாய்க் குறியோடு நிற்கும். ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் இருந்தால் எது முதலில் செயல்படும் என்ற முன்னுரிமை எண்ணும் விடையை மாற்றும். ஒரு மாடலில் ஒரு குழுவோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை.

2025 செப்டம்பரில் பயனரே எழுதும் செயல்பாடுகள் டாக்ஸில் முன்னோட்டமாக வெளிவந்தன. உங்கள் கேள்விக்கு இவை நேராகத் தொடர்புள்ளவை. ஏனெனில் செயல்பாட்டுக்குள் அனுப்பும் பொருளை மதிப்பாக அனுப்புவதா, கோவையாக அனுப்புவதா என்று அங்கே வெளிப்படையாகவே குறிப்பிடலாம். மதிப்பு என்றால், அழைக்கும் இடத்தின் சூழலில் முதலில் கணக்கிட்டு அந்த எண்ணை உள்ளே அனுப்பும்; உங்கள் 100% சிக்கல் அப்படியே திரும்பிவரும். கோவை என்றால், கணக்கிடாமல் சூத்திரமாகவே உள்ளே போய், செயல்பாட்டுக்குள் இருக்கும் வடிகட்டியின் கீழ் கணக்கிடப்படும். எடையை அனுப்புவதா தராசை அனுப்புவதா என்று மொழியே நம்மைக் கேட்கிறது. மெஷரைப் போலன்றி, இந்தச் செயல்பாடுகள் வரிசைத் தொகுப்பையும் திருப்பித் தரும். ஆனால் மாதக் கணக்கு முடிக்கும் முக்கிய அறிக்கையை முன்னோட்ட நிலையில் உள்ள வசதியின் மேல் நான் நிறுத்த மாட்டேன். சோதனை மாடலில் பழகிப் பாருங்கள். உங்கள் பதிப்பில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வியின் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்றைக் கேட்டிருந்தீர்கள்: தேர்ந்தெடுத்த காலத்தில் வாங்கிய தொகையை வைத்து வாடிக்கையாளரைத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பிரித்து, அந்தப் பிரிவை வரைபடத்தின் அச்சில் போட முடியுமா என்று. அச்சிலும் ஸ்லைசரிலும் நெடுவரிசைதான் உட்காரும், மெஷர் உட்காராது. நெடுவரிசை ஆக்கினாலோ காலத் தேர்வுக்கு அசையாது. வழி இருக்கிறது. எதனோடும் உறவு இணைக்காத மூன்று வரிசை அட்டவணை ஒன்றைச் செய்யுங்கள்: பிரிவின் பெயர், கீழ் எல்லை, மேல் எல்லை. வெண்கலம் 0 முதல் 10,000-க்குக் கீழ், வெள்ளி 10,000 முதல் 50,000-க்குக் கீழ், தங்கம் அதற்கு மேல். பிரிவின் பெயர் அச்சில் போகட்டும். மெஷர், வாடிக்கையாளர் அட்டவணையைச் சுற்றி, ஒவ்வொருவருக்கும் அதே பழைய நிகர விற்பனை மெஷரை அழைத்து, விடை அந்தப் பிரிவின் எல்லைக்குள் விழுகிறவர்களை எண்ணட்டும். மாதத்தை மாற்றினால் வாடிக்கையாளர்கள் பிரிவு விட்டுப் பிரிவு நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். மதிப்பு எங்கும் சேமிக்கப்படவில்லை, எல்லைகள் மட்டுமே சேமிக்கப்பட்டிருக்கின்றன. வாடிக்கையாளர் எண்ணிக்கை லட்சக்கணக்கில் போனால் இது மெதுவாகும். அப்போது தேர்ந்தெடுத்த காலத்துக்குப் பதில் ‘சென்ற நிதியாண்டின் பிரிவு’ என்று வணிகத் தரப்போடு பேசி நிலையான நெடுவரிசையாக மாற்றிக்கொள்வது நல்லது. பல நேரங்களில் அவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவதும் அதுவாகவே இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

வேகத்தைப் பற்றி. உறுதியாகத் தெரிந்தவை இவை: பக்கத்தில் உள்ள ஒவ்வொரு காட்சியும் தனித்தனியாக வினவலை அனுப்புகிறது, ஆகவே ஒரு காட்சியின் மெஷர் விடையை இன்னொரு காட்சிக்கு எடுத்துக் கொடுக்கும் வழி உங்கள் கையில் இல்லை. தரவை அலசும் அடுக்கு, அண்மையில் படித்த முடிவுகளைத் தற்காலிகமாக நினைவில் வைத்திருக்கும், அதனால் இரண்டாவது முறை விரைவாக வரலாம். மெஷர்களைத் துண்டுதுண்டாகப் பிரித்து அழைப்பதாலேயே அறிக்கை மெதுவாகாது. உறுதியாகச் சொல்ல முடியாதது: ஒரு குறிப்பிட்ட சிக்கலான மெஷரில், ஒரே துணைக் கணக்கு இரண்டு இடங்களில் வரும்போது இயந்திரம் அதை ஒன்றாக்கிக்கொள்கிறதா என்பது. சில நேரம் செய்யும், சில நேரம் செய்யாது. டெஸ்க்டாப்பில் உள்ள செயல்திறன் அளவியில் எந்தக் காட்சி நேரத்தைத் தின்கிறது என்று பாருங்கள். அந்த ஒரு வினவலை, வினவல்களை ஓட்டி நேரத்தை அளக்கும் டாக்ஸ் ஸ்டுடியோ கருவியில் ஓட்டிப் பாருங்கள். அளக்காமல் வேகத்துக்காகச் சூத்திரத்தை வளைக்காதீர்கள்.

இதே அறிக்கையை டாப்லோ என்ற இன்னொரு அறிக்கை மென்பொருளிலும் செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே சொற்கள் மாறும், கேள்வி மாறாது. 2015-இல் 9.0 பதிப்போடு வந்த நிலைக் கோவைகளில் (எந்த அளவில் தொகுப்பது என்று நாமே குறிக்கும் சூத்திரங்களில்) ஃபிக்ஸ்டு என்ற வகை, சாதாரணப் பரிமாண வடிகட்டிகளுக்கு முன்பே கணக்கிடப்படும். அதனால் அந்த வடிகட்டிகள் அதை அசைக்காது. வடிகட்டியைச் சூழல் வடிகட்டியாக மாற்றினால் அது ஃபிக்ஸ்டுக்கு முன்னால் போய், எண் மாறத் தொடங்கும். எது முன், எது பின் என்ற அதே வரிசை ஒழுங்குதான்.

அறிக்கைக்கு அறிக்கை மறுபயன்பாடு வேண்டுமென்றால் மெஷர்களை நகலெடுத்துக் கொண்டுபோகாதீர்கள். ஒரே மாடலை வெளியிட்டு, மற்ற அறிக்கைகளை அதனோடு நேரடியாக இணையுங்கள்.

உங்கள் நாற்பதில் எங்கே தொடங்குவது? முதலில் நிகரத் தொகை நெடுவரிசையையும் அதன் கூட்டுத்தொகை மெஷரையும் செய்யுங்கள். பழைய மெஷர்களை அழிக்காதீர்கள். மறைத்து மட்டும் வையுங்கள். கிளை, மாதம், பொருள் வகை மூன்றும் உள்ள ஓர் அட்டவணையில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, வேறுபாட்டுக்கு ஒரு மெஷர் எழுதி, ஒரு மாதக் கணக்கு முடியும்வரை ஓடவிடுங்கள். வேறுபாடு தனி வரிசைகளில் தெரிந்தால் நிபந்தனை எங்கோ வழுவியிருக்கிறது, அல்லது பழைய மெஷரில் ஒன்று ஏற்கெனவே தவறாக இருந்திருக்கிறது. இரண்டாவதற்கும் தயாராக இருங்கள். வரிசைகள் எல்லாம் ஒத்துப்போய் மொத்த வரியில் மட்டும் வேறுபாடு வந்தால், அங்கே விகிதமோ சராசரியோ வரிசைகளின் மேல் கூட்டப்படுகிறது என்று பொருள். அந்த மெஷரின் சூத்திரத்தை மட்டும் இங்கே ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.